பதினொன்றே முக்கால் அடி மூங்கில்

வேதகிரிக்கு அதுவரை ஆறு மெமோ வந்திருந்தது. ஆறையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி, தீயணைப்பு நிலையத்தில் தன் தகரப் பெட்டிக்குள் அடியில் வைத்திருந்தார். மற்றவனுக்கு ஒரு மெமோ வந்தால் நாலு நாள் சோறு இறங்காது. இவருக்கு வந்தால் அன்றைக்கு டீக்கடையில் இரண்டு வடை கூடத் தின்பார். "திருடி வாங்கினா தான் வெக்கம். நான் வழிய வுடுன்னு கேட்டு வாங்கினேன்" என்பார்.

ஆறும் வழி சம்பந்தப்பட்டதுதான். தெருவின் குறுக்கே தொங்கிய கேபிள் ஒயரை வெட்டியதற்கு ஒன்று. நடு ரோட்டில் இருந்த ஒரு கட்சிக் கொடிமேடையை வண்டியின் பம்பரால் தள்ளியதற்கு ஒன்று. அதற்காக எதிர்க்கட்சிக்காரன் வந்து மாலை போட்டபோது, கழுத்தை நீட்டியதற்கு இன்னொன்று. மற்றதை விடுங்கள்.

மாகறல் காலனியில் பிறந்தவர். பத்தாவது வரை தட்டுத் தடுமாறி வந்து, பிறகு டிராக்டர், பிறகு கரும்பு லாரி, அப்புறம் இந்தச் சிவப்பு வண்டி. தீயணைப்பு வீரன் என்றால் ஜனங்கள் தண்ணீர் பீய்ச்சுகிறவனைத்தான் பார்ப்பார்கள். வண்டியைக் கொண்டு போய்ச் சேர்க்கிறவன், அங்கே நின்று பம்பை ஓட்டி அவனுக்குத் தண்ணீர் அனுப்புகிறவன் ஒருவன் பின்னால் இருக்கிறான். அந்த ஒருவனாக இருபத்தேழு வருஷம் இருந்துவிட்டார் வேதகிரி. ஓய்வு பெறப் பதினாலு மாதம் பாக்கி.

நிலையத்துக்கு இருப்பது ஒரே வண்டி. பொறுப்பில் அறுபத்து சொச்சம் கிராமம். குடிசை எரிந்தாலும் கூப்பிடுவார்கள், மாடு கிணற்றில் விழுந்தாலும் கூப்பிடுவார்கள், அரிசிப் பானைக்குப் பின்னால் நல்ல பாம்பு சுருண்டிருந்தாலும் கூப்பிடுவார்கள். மணி அடித்தால் ஒரு நிமிஷத்தில் சக்கரம் உருள வேண்டும், அதுதான் சட்டம். வேதகிரி நாற்பது நொடியில் கிளப்புவார். கிளப்பி என்ன பண்ணுவது? ஊர் வாசலில் வளைவு நிற்கிறது.

எந்த வருஷத்தில் இந்த வளைவுப் பைத்தியம் பிடித்ததோ தெரியாது. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் முகப்பில் ஒரு கான்கிரீட் வளைவு. சாமி பேரில் ஒன்று, தலைவர் பேரில் ஒன்று, செத்துப்போன அப்பன் பேரில் ஒன்று. கட்டுகிறவன் தன் கார் போகிறதா என்று பார்ப்பான். அதற்கு மேல் யோசிக்க மாட்டான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்யாற்றுக் கரையில் ஓர் ஊர். பேர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு வருவார்கள். தீ என்று ஓடினார்கள். வளைவு குறுக்கே நின்றது. வண்டியின் உச்சியில் இருக்கும் ஏணி நாலு விரல்கடை இடித்தது. ஏணியை இறக்கிப் பார்த்தார்கள், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் இடித்தது. கடைசியில் ஆறு டயரிலும் காற்றைப் பிடுங்கி வண்டியைத் தாழ்த்தி உள்ளே நுழைத்தார் வேதகிரி. பதினொரு நிமிஷம். போய்ச் சேர்ந்தபோது மூன்று வீடும் ஏழு ஆடும் சாம்பல். ஒரு பெண்ணின் காலேஜ் சர்டிபிகேட் அத்தனையும் போயிற்று. அந்தப் பெண் அழக்கூட இல்லை. அவரிடம் நேராக வந்து, "வாசல்ல நின்னுக்கினு காத்து புடுங்கினு இருந்தீங்களாமே?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் வேதகிரி ஒரு மூங்கிலை வெட்டினார். ஏணியின் உச்சி வரைக்கும் பதினோரு அடி. பள்ளம் மேட்டில் வண்டி ஆடுமே, அதற்கு ஒரு சாண். ஆகப் பதினொன்றே முக்கால். அதை வண்டியின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டார். எந்த ஊருக்குப் போனாலும் திரும்பும்போது வளைவுக்கு அடியில் அந்த மூங்கிலை நிறுத்திப் பார்ப்பார். இடித்தால் பஞ்சாயத்துக்கு மனு. மனுவை எவனும் படிக்கவில்லை என்பது வேறு கதை.

இந்த வருஷம் ஏப்ரலில் தீத்தொண்டு வாரம் வந்தது. அந்த வாரத்தில் ஊர் ஊராகப் போய், எண்ணெய்ச் சட்டி பற்றினால் என்ன பண்ணுவது, சிலிண்டர் பற்றினால் ஈரச் சாக்கை எப்படிப் போடுவது என்று செய்து காட்ட வேண்டும். மூன்றாம் நாள் புளியந்தாங்கல் காலனி. பஸ் ரோட்டிலிருந்து பிரிகிற ஒற்றைத் தார் ரோடு. இடது பக்கம் ஏரிக் கால்வாய், வலது பக்கம் நெல் வயல். உள்ளே நாற்பத்து மூன்று வீடு. இதை விட்டால் காலனிக்கு வேறு வழி கிடையாது.

ரோட்டின் வாயில் இரண்டு தூண் நின்றது. நடுவில் சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்துப் பலகை அடித்துக் கம்பி கட்டியிருந்தது. சைக்கிளும் பைக்கும் வயல் ஓரமாகச் சுற்றிப் போக ஒரு தடம் விட்டிருந்தார்கள். கலவை மெஷின் இன்னும் டிராக்டரில் இருந்தது. மணல் கொட்டியாயிற்று, ஜல்லி கொட்டியாயிற்று. அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் நல்ல நேரத்தில் கான்கிரீட் போட ஏற்பாடு.

வேதகிரி இறங்கி மூங்கிலை அவிழ்த்தார். பலகைக்கு அடியில் நிறுத்தினார். நிற்கவில்லை. சாய்த்துத்தான் பிடிக்க முடிந்தது. பலகை பத்து அடியில் இருந்தது.

"யாருதுயா இது?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

மேஸ்திரி தோப்புப் பக்கம் கை காட்டினார். ரோட்டு முனையில் இருந்த தென்னந்தோப்பிலிருந்து அதன் சொந்தக்காரர் தமிழ்வாணன் வந்து கொண்டிருந்தார். அந்தத் தோப்பில்தான் அவர் அப்பா தாண்டவராயனை அடக்கம் செய்து மண்டபம் கட்டியிருக்கிறார். மண்டபத்துக்கு முன்னால் வளைவு இருந்தால் பஸ்ஸில் போகிறவன் பேரைப் படிப்பானாம். பஞ்சாயத்திலும் தீர்மானம் வாங்கிவிட்டார்.

"இன்னாயா, கழி வெச்சி அளக்கிற?" என்றார் தமிழ்வாணன்.

"இதுல எங்க வண்டி நுழையாதுங்க. ரெண்டு அடி ஒசத்துங்க."

"மேல பாரு. கரண்டு லைனு போவுது. பதினஞ்சடிக்கு மேல ஒரு அங்குலம் போவக்கூடாதுன்னு ஈ.பி.காரன் சொல்லிட்டான்."

"கீழ ஏன் பத்தடிக்கு இறங்கிச்சி?"

மேஸ்திரி வரைபடத்தை விரித்துக் காட்டினார். உச்சியில் கலசம் ஓர் அடி. அதற்குக் கீழே எழுத்து இரண்டு வரி. மேல் வரியில் 'அமரர் பெருந்தனக்காரர் வள்ளல் உயர்திரு' என்று பட்டங்கள், அது இரண்டு அடி. கீழ் வரியில் 'வே. தாண்டவராயன் நினைவு வளைவு', அது இரண்டு அடி. பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம்.

வேதகிரி அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப மேல் வரிய எடுத்துட்டா பன்னெண்டு அடி ஆயிடும்" என்றார்.

"எங்கப்பாவ வள்ளல்னு போட வேணான்றியா நீ?"

"தூண்ல போடுங்க. அடிலேர்ந்து நுனி வரைக்கும் போடுங்க. நான் வேணான்னனா?"

"யோவ், பத்தடில நூத்தியெட்டு ஆம்புலன்ஸ் போவும், பால் வண்டி போவும், ஸ்கூல் வேனு போவும். வருசத்துக்கு ஒரு தபா கூட வராத வண்டி உன்னுது. அதுக்கு எங்கப்பன் பேர அழிக்கணுமா? ஓரமா எடு வண்டிய. மெஷின் நிறுத்தணும்."

வேதகிரி வண்டியில் ஏறினார். ஓரமாக எடுக்கவில்லை. முன்னால் எடுத்து, மெஷின் நிற்க வேண்டிய இடத்தில், தூணுக்கு ஒரு முழம் விட்டு நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கால்வாய்க்கும் வயலுக்கும் நடுவில் இப்போது சிவப்பு வண்டியைத் தவிர வேறு எதுவும் நிற்க இடமில்லை.

கூட வந்த இருசப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. முன்னணி வீரர் அவர்தான். வண்டி வெளியே இருந்தால் அவர்தான் பொறுப்பு. வேதகிரியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "ண்ணா, வண்டிய எடுத்துடுண்ணா, என் தலைய உருட்டுவாங்க. இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். பிரேக்ல காத்து இறங்கிடுச்சி, வண்டி நகரலன்னு புக்குல எழுதிடறேன்."

"பிரேக் நல்லா தான் கீது. வேதகிரி நிறுத்தினான்னு எழுது."

"பேஜாரு புடிச்ச ஆளுண்ணா நீ."

"எழுதிட்டு போய் நிழல்ல குந்து."

இருசப்பன் எழுதவும் இல்லை, நிழலுக்குப் போகவும் இல்லை.

கான்கிரீட் போட வந்திருந்த ஆட்கள் மணல் மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பதினாலு பேர், அத்தனை பேரும் அதே காலனி. அவர்களுக்குத் தலைமை சிட்டம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் சும்மாடு, இடுப்பில் கை. "டிரைவரண்ணா, உனக்கு வண்டி நின்னாலும் சம்பளம், ஓடினாலும் சம்பளம். எங்களுக்கு சட்டி தூக்கினா தான் சோறு. பொழப்புல மண்ண போட்டுக்கினு குறுக்க நிக்கிறியே" என்றாள்.

"உங்க வூட்டுக்கு வர்ற வழிக்கு தாம்மா நிக்கிறேன்."

"வளைவாண்ட வண்டிய நிறுத்திக்கினு பைப்ப இஸ்துக்கினு வர்றது தான?"

பைப் எட்டாது என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று வேதகிரிக்குத் தெரியும். இருசப்பனைப் பார்த்து, "செஞ்சி காட்டத் தான வந்தோம்? எண்ணெ சட்டி அப்புறம். எல்லா ஹோஸையும் இறக்கு" என்றார்.

வண்டியில் இருந்தது பத்து ஹோஸ். ஒன்று முப்பது மீட்டர். வீரர்கள் ஒன்றோடு ஒன்றை மாட்டிக்கொண்டே தார் ரோட்டில் ஓடினார்கள். காலனி சனம் பின்னாலேயே ஓடியது. சிட்டம்மாளும் போனாள். ரேஷன் கடை தாண்டியது, மாதா சிலை இருந்த கெபி தாண்டியது, குடிதண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பத்தாவது ஹோஸ் முடிந்தது. இருசப்பன் அங்கிருந்து கை தூக்க, வேதகிரி பம்பை ஓட்டினார். தொட்டியைத் தாண்டி ஒரு வீட்டின் ஓலைச் சார்ப்பு வரை தண்ணீர் போய் விழுந்தது. அதற்கு மேல் போகவில்லை. பம்பை இன்னும் முறுக்கினார். அப்போதும் போகவில்லை.

அதற்கு அப்பால் பதினாறு வீடு இருந்தது.

ஹோஸை எல்லாம் சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள். திரும்பி வந்த சிட்டம்மாள் சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மணல் மேட்டில் உட்கார்ந்தாள்.

பத்தரை மணிக்குப் போன் வந்தது. நிலைய அலுவலர் ஆல்பர்ட். தமிழ்வாணன் யாரிடமோ பேசி, அவர் யாரிடமோ பேசி, கடைசியில் ஆல்பர்ட் தலையில் வந்து விடிந்திருக்கிறது. இருசப்பன் போனை நெருப்பைப் பிடித்த மாதிரி நீட்டினார்.

"வேதகிரி, என்னய்யா இது? வளைவு கட்டறதை நிறுத்த நாம யாரு? பஞ்சாயத்து தீர்மானம் இருக்கு. வண்டியை எடுத்துட்டு வா."

"வர முடியாது சார்."

"ஆர்டர்யா இது."

"தெரியுது சார். அத்த எழுதிக் குடுங்க. நாளைக்கு இந்த காலனி எரிஞ்சா, வண்டிய எடுன்னு நீங்க சொன்ன பேப்பர் என் கைல இருக்கணும்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. எழுதிக் கொடுக்க யாரும் வரவில்லை.

தமிழ்வாணன் தோப்பு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உங்காளுங்க ஓட்டுறாங்கன்னு வண்டி உன்னுதாயிடுமா? கவர்மெண்டு வண்டிய்யா அது" என்று அவ்வப்போது ஒரு கல்லை எறிகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். வேதகிரி பம்பருக்கு முதுகைக் கொடுத்து நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த "உங்காளுங்க" காதில் விழாத மாதிரி இருந்தார். விழுந்தது.

பதினொன்றேகாலுக்கு வண்டியில் இருந்த ஒயர்லெஸ் கத்தியது. திருப்புலிவனத்துக்கு அந்தண்டை ஒரு களத்தில் வைக்கோல் போர் எரிகிறது, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, உடனே கிளம்பவும்.

எல்லோரும் வேதகிரியைப் பார்த்தார்கள். தமிழ்வாணன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பல் தெரிந்தது. "போய்ட்டு வாங்க டிரைவர் சார். நெருப்பு காத்துக்கினு இருக்காது."

நாற்பது நொடி என்று சொன்னேனே, அன்றைக்கு முப்பதுதான் ஆனது. வண்டி பின்வாங்கித் திரும்பியது. பக்கக் கண்ணாடியில் வேதகிரி பார்த்தார். டிராக்டர் கலவை மெஷினை அவர் நின்ற இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்தது.

போகிற வழியெல்லாம் அவர் மனசுக்குள் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. இந்நேரம் முதல் கலவை போட்டிருப்பான். இந்நேரம் பாதிப் பலகை நிறைந்திருக்கும். கான்கிரீட்டை இறுகின பிறகு எவன் இடிப்பான்? இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ தடவை தாமதமாகப் போயிருக்கிறார். ஒரு தாமதத்தை முன்கூட்டியே கண்ணால் பார்த்தும் கையாலாகாமல் விட்டு வந்தது இதுதான் முதல் தடவை. "த்தூ" என்று வெளியே துப்பினார்.

"ண்ணா, நீ வராம இருக்க முடியுமா? விடுண்ணா" என்றார் இருசப்பன்.

"வராம இருப்பேன்னு எவன் சொன்னான்? வாய மூடிக்கினு வா."

போரின் உச்சியில் பிடித்த தீ உள்ளே இறங்கியிருந்தது. மாடுகளை முதலில் அவிழ்த்தார்கள். கொட்டகைக் கூரையை நனைத்து வைத்துக்கொண்டு, வைக்கோலைக் கொக்கி போட்டுப் பிரித்துப் பிரித்துத் தண்ணீர் அடித்தார்கள். வண்டியின் தொட்டி இரண்டு முறை காலியானது. பக்கத்துக் கிணற்று மோட்டாரில் பிடித்துப் பிடித்து அடித்தார்கள். போர் பாதி போயிற்று, கொட்டகை நின்றது. ஹோஸைச் சுருட்டும்போது மணி மூன்று. களத்துக்காரர் மோர் கொடுத்தார். வேதகிரி நின்றபடி ஒரே மூச்சில் குடித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

"ஸ்டேஷனுக்கு தானண்ணா?" என்றார் இருசப்பன்.

"புளியந்தாங்கல் வழியா போலாம்."

"அது சுத்து வழி."

"தெரியும்."

பஸ் ரோட்டில் திரும்பும்போதே அவர் காது கொடுத்துக் கேட்டார். மெஷின் சத்தம் இல்லை. முடித்துவிட்டார்கள் என்று நினைத்தார். வளைவுக்குக் கிட்டே வந்ததும்தான் தெரிந்தது. மணல் மேடு குறையவில்லை, ஜல்லி குறையவில்லை. மெஷினின் வாய்க்குள் இருந்த ஒரே ஒரு கலவை கல்லாகிக் கிடந்தது. பலகையில் வெறும் கம்பி. பதினாலு பேரும் மணல் மேட்டில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேதகிரி இறங்கினார். உடம்பெல்லாம் கரியும் சேறும். "இன்னா ஆச்சி?" என்றார்.

சிட்டம்மாள் கையை உதறிக்கொண்டு சொன்னாள். "நீ அந்தாண்ட போன ஒடனே மெஷின ஓட்டினாங்க. முத சட்டி என் தலைல ஏத்தினாங்க. ஏணில நாலு படி ஏறினேன். மேலேர்ந்து பாத்தா தொட்டி தெரியுது. தொட்டிக்கு அந்தாண்ட என் வூடு தெரியுது. கடைசி வூடுண்ணா என்னுது. இறங்கி வந்து சட்டிய கீழ கவுத்துட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"கூலி இல்லன்னாரு. வேணாம்னேன். இனிமே ஒருத்திக்கும் வேலை இல்லன்னாரு. அதுக்கு தொ, இந்த பிரிஸ்கில்லா, 'மொதலாளி, நீங்களே தூக்குங்க, நாங்க பூ போடறோம்'னா." மணல் மேடே சிரித்தது. சிட்டம்மாள் சிரிக்கவில்லை. "உனக்காகன்னு நெனச்சிக்காத. தலைக்கு ஏத்திக்காத. எங்கையால சட்டி தூக்கி எம் வூட்டு வழிய நானே அடைக்கணுமா? அதான்."

"நான் ஒண்ணும் நெனைக்கல" என்றார் வேதகிரி. இருமிக்கொண்டார். அன்று முழுக்க வண்டியோடு ஒற்றை ஆளாக நின்றதாக நினைத்திருந்தார். வண்டி போன பிறகு நின்றவர்கள் இவர்கள்.

தமிழ்வாணன் தோப்பிலிருந்து வந்தார். காலையில் இருந்த மடிப்புச் சட்டை கசங்கியிருந்தது. வெளியூர் ஆட்களுக்குப் போன் போட்டிருக்கிறார். தீயணைப்பு வண்டிச் சமாசாரம் அதற்குள் எல்லா மேஸ்திரிக்கும் போய்விட்டிருந்தது. வம்பு எதற்கு என்று ஒருவனும் வரவில்லை. நல்ல நேரமும் போயிற்று. அடுத்த முகூர்த்தம் எட்டு நாள் கழித்து.

"நீ தூண்டி விட்டது தான இதெல்லாம்?" என்றார் வேதகிரியைப் பார்த்து.

"நான் நெருப்பாண்ட இருந்தேங்க. தோ பாருங்க கரி."

"எட்டு நாள் கழிச்சும் இதே பத்தடி தான் போடுவேன்."

"எட்டு நாள் கழிச்சும் நாங்க வருவோம்" என்றாள் சிட்டம்மாள், சோற்றுக் கையோடு எழுந்து நின்று. "சட்டி தூக்க இல்ல. இங்க குந்த."

மற்ற பதிமூன்று பேரும் அவளுக்குப் பின்னால் எழுந்தார்கள். ரேஷன் கடைப் பக்கமிருந்து இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தமிழ்வாணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நடவுக்கு வருகிற முகம், அறுப்புக்கு வருகிற முகம், தேங்காய் பறிக்க ஏறுகிற முகம். வருஷம் பூரா இந்த முகங்கள் வேண்டும் அவருக்கு.

மேஸ்திரி மெதுவாக வாயைத் திறந்தார். "மொதலாளி, எட்டு நாள் கீது. தூணுக்கு மேல கம்பி வுட்டு தான் வெச்சிருக்கேன். ரெண்டு அடி ஏத்திடலாம். பட்டத்த தூண்ல கருங்கல்லு பதிச்சி வெட்டிடலாம். இன்னும் எடுப்பா இருக்கும்."

தமிழ்வாணன் ரொம்ப நேரம் மேலே இருந்த கரண்டுக் கம்பியையே பார்த்தார், அதன் மேல் குற்றம் என்பதுபோல. கடைசியில் மேஸ்திரியிடம், "கருங்கல்லுன்னா நல்ல கல்லா இருக்கணும்" என்றார். திரும்பி வேதகிரியிடம், "உன்ன வுடமாட்டேன்" என்றார்.

"வுடாதீங்க. கலசத்தோட சேத்து பதினஞ்சடிக்குள்ள நிக்கிதான்னு பாத்துக்குங்க" என்றார் வேதகிரி.

சொன்னபடியே விடவில்லை அவர். பத்தாம் நாள் ஏழாவது மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் அரசு வாகனத்தைப் பொது இடத்தில் தடையாக நிறுத்தியது, மேலதிகாரி உத்தரவை மீறியது, பொதுமக்களைத் தூண்டியது. மூன்று நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

வேதகிரி நிலையத்தில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுதினார். ஆல்பர்ட் அதை வாங்கிப் படித்தார்.

'ஐயா, வண்டியை நான்தான் நிறுத்தினேன். பிரேக் நன்றாக இருந்தது. முன்னணி வீரர் எடுக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை, அவர் மேல் குற்றம் இல்லை. அழைப்பு வந்ததும் ஒரு நிமிடத்துக்குள் கிளம்பினேன். நாற்பத்து மூன்று வீட்டுக்கு வண்டி போகாது என்று தெரிந்தும் நான் சும்மா வந்திருந்தால், அதற்குத்தான் நீங்கள் மெமோ கொடுத்திருக்க வேண்டும். பொதுமக்களை நான் தூண்டவில்லை. அவர்களுக்கே கண் இருக்கிறது. இப்படிக்கு, வேதகிரி, ஓட்டுநர்.'

ஆல்பர்ட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. "கடைசியில 'நடந்ததற்கு வருந்துகிறேன்'னு ஒரே ஒரு வரி சேர்த்துடுய்யா. நான் பேசி முடிச்சிடறேன். பதினாலு மாசம் நிம்மதியா இருந்துட்டுப் போ."

"வருத்தம் இல்லியே சார். இல்லாதத எப்படி எழுதறது?"

"இப்படியே அனுப்பினா மாவட்டத்தோட அந்தக் கோடிக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"எங்க போட்டா இன்னா சார்? அங்கயும் எவனாவது வளைவு கட்டிக்கினு தான் இருப்பான்."

ஆல்பர்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காகிதத்தின் கீழே தன் முத்திரையைக் குத்தினார். வேதகிரி எழுந்து, நகலை ஜவுளிக்கடைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு, டீக்கடைக்குப் போனார்.